கடலில் ஓர் இரவு. கரையில் ஐம்பது ஆண்டு

போர்க்களத்தில் புகழ் எய்திய வீரர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. போர் முடிந்து அவ்வீரர்கள் ஊர் திரும்பிய பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் சொல்லி முடித்துவிடுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைப் பணியாற்றிய இராபர்ட் ஸ்மால்ஸ் என்பாரின் வரலாறும் பலவிடத்து இவ்வாறே சுருங்கிவிட்டது. 1862ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் விடியற்காலையில் அவர் ஆற்றிய அருஞ்செயல் பலராலும் போற்றப்படுகின்றது. ஆயினும், அதன் பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் குடும்பத்தின் நலனுக்கும் தம் மக்களின் கல்விக்கும் அவர் உழைத்த உழைப்பே அச்செயலுக்கு நிறைவான பொருள் தந்தது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிமையாய்ப் பிறந்தவர்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கடலோரம் அமைந்த பியூபோர்ட் எனும் சிற்றூரில், 1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தார். அவருடைய அன்னையார் லிடியா, மெக்கீ என்னும் எசமானரின் வீட்டில் பணிசெய்த அடிமை. எசமானரின் மாளிகைக்குப் பின்புறமிருந்த சிறு குடிலே ஸ்மால்ஸ் பிறந்த இடம். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை அம்மாநிலம் 1834ஆம் ஆண்டிலேயே இயற்றியிருந்தது. ஆதலின், ஏடும் எழுத்தும் அச்சிறுவனுக்கு எட்டாக் கனிகளாயின.

பன்னிரண்டாம் வயதில் ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். விடுதிப் பணியாளராகவும், தெருவிளக்கு ஏற்றுபவராகவும், துறைமுகத் தொழிலாளியாகவும், பாய் தைப்பவராகவும் பாடுபட்டு, இறுதியில் கப்பலில் சுக்கான் பிடிக்கும் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். அவர் ஈட்டிய கூலி எசமானரைச் சேர்ந்தது. வாரத்திற்கு ஒரு டாலர் மட்டுமே அவர் கையில் தங்கிற்று.

1856ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் அவர் ஹன்னா என்னும் பெண்ணை மணந்தார். ஹன்னாவும் அடிமையே. தாய் அடிமையாயின், அவள் வயிற்றுப் பிள்ளையும் அவளுடைய எசமானருக்கே உடைமை என்பது அக்காலச் சட்டம். எனவே, எந்த நாளில் வேண்டுமானாலும் மனைவியும் மகளும் விற்கப்படலாம் என்னும் அச்சம் ஸ்மால்ஸின் நெஞ்சை வாட்டியது. அவ்விருவரையும் விலைக்கு வாங்கி மீட்க எண்ணினார். எசமானர் கேட்ட விலை 800 டாலர். ஸ்மால்ஸ் அரும்பாடுபட்டுச் சேர்த்ததோ ஏறத்தாழ 100 டாலர். அவ்விலையை உழைத்துத் தீர்க்க வழியில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

விடியலுக்கு முன்

1861ஆம் ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. பிளாண்டர் என்னும் நீராவிக் கப்பலைத் தென்மாநிலப் படையினர் ஆயுதங்கள் ஏற்றிச் செல்லப் பயன்படுத்தினர். அதில் ஸ்மால்ஸ் சுக்கான் பிடிப்பவராய்ப் பணியாற்றினார். துறைமுகத்திற்கு வெளியே வடமாநிலக் கடற்படை முற்றுகையிட்டு நின்றது. அக்கப்பல்களை அடைந்துவிட்டால் விடுதலை கிட்டும். ஆனால் இடையில் காவற்கோட்டைகள் பீரங்கிகளுடன் விழித்திருந்தன.

1862ஆம் ஆண்டு மே 12ஆம் நாளிரவு வெள்ளைய அதிகாரிகள் மூவரும் கப்பலைவிட்டுக் கரையில் தங்கச் சென்றனர். மறுநாள் அதிகாலை மூன்று மணியளவில் ஸ்மால்ஸும் அவருடைய தோழர்களும் கப்பலைச் செலுத்தினர். நேரே கடலை நோக்கி விரைந்திருந்தால் ஆபத்து குறைந்திருக்கும். எனினும், குடும்பத்தை விட்டுச் செல்ல அவர்கள் உடன்படவில்லை. ஆதலின், மற்றொரு துறைக்குச் சென்று, அங்கே மறைந்து காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டனர். பிடிபட நேர்ந்தால் கப்பலோடு மூழ்கி மாள்வதென முன்னரே முடிவு செய்திருந்தனர்.

கப்பல் தலைவரின் உடுப்பையும் வைக்கோல் தொப்பியையும் அணிந்து, அவரைப் போலவே நின்றார் ஸ்மால்ஸ். ஒவ்வொரு கோட்டையையும் கடக்குங்கால், அதற்குரிய ஊதொலியைத் தவறாது எழுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அந்தக் குறிப்பொலிகளையெல்லாம் பணியிலிருந்த நாளிலேயே கேட்டும் பார்த்தும் மனத்தில் பதித்து வைத்திருந்தார். சம்டர் கோட்டையின் காவலர்கள் ஐயுறவின்றி வழிவிட்டனர். கோட்டையைத் தாண்டியதும் கொடிகள் இறக்கப்பட்டு, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏற்றப்பட்டது. ஆன்வர்ட் என்னும் வடமாநிலப் போர்க்கப்பல் சுடுவதற்கு ஆயத்தமான வேளையில், அவ்வெண்துணி கண்ணிற்பட்டது. பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட 16 பேர் அன்று விடுதலை பெற்றனர்.

நாட்டுக்கு ஆற்றிய பணி

தம் குடும்பம் பிழைத்தது என்று ஸ்மால்ஸ் ஓய்ந்திருக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு திங்களில் சமயப் போதகர் ஒருவருடன் வாஷிங்டன் சென்று, கறுப்பின மக்களைப் படையில் சேர்க்க வேண்டுமென வேண்டினார். போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன், 5,000 பேர் வரை சேர்ப்பதற்கு இசைவளித்தார். கடற்படைக்கு வழிகாட்டி மாலுமியாகவும் ஸ்மால்ஸ் பணிபுரிந்தார். 1863ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சார்ல்ஸ்டன் தாக்குதலில் அவர் செலுத்திய கியோகக் என்னும் இரும்புக் கப்பல் தொண்ணூறு முறைக்கு மேல் குண்டடி பட்டு, மறுநாள் காலை மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். அவ்வாண்டு டிசம்பரில், பகைவரின் குண்டுமழைக்கு அஞ்சி பிளாண்டர் கப்பலின் தலைவர் ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் கப்பலைக் காத்துக் கரைசேர்த்தார். அதன் பயனாய் அக்கப்பலுக்கே தலைவராக்கப்பட்டார்.

முறையான பதவிச் சான்று அவருக்கு வழங்கப்படாமையால், ஓய்வூதியத்திற்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1897ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்றின் வாயிலாகவே, கடற்படைக் கேப்டனுக்குரிய திங்கள் 30 டாலர் ஓய்வூதியம் அவருக்குக் கிட்டியது.

ஏடு எடுத்த மாலுமி

1864ஆம் ஆண்டில் பிளாண்டர் கப்பல் பழுதுபார்க்கப்படுவதற்காகப் பிலடெல்பியா நகரில் பல திங்கள் தங்கியது. அக்காலத்தை ஸ்மால்ஸ் வீணாக்கவில்லை. இருபத்தைந்து வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, ஆசிரியரை அமர்த்தி எழுதவும் படிக்கவும் கற்றார். அதே நகரில், கறுப்பினத்தவர் என்பதற்காகப் பொது வண்டியில் இருந்து இறக்கிவிடப்பட்டார். அந்நிகழ்ச்சி பெருங்கண்டனத்தை எழுப்பியது. 1867ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலம் பொது வண்டிகளில் இனவேற்றுமையைத் தடைசெய்தது.

தாம் பெற்ற எழுத்தறிவு தம் மக்கள் அனைவருக்கும் கிட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. பியூபோர்ட் திரும்பியபின், அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி அமைப்பதற்கென ஒரு மாடிக் கட்டடத்தை வாங்குவதில் பங்குகொண்டார். 1868ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் அரசியலமைப்பு மாநாட்டில் பேராளராக அமர்ந்து, அனைவருக்கும் கட்டணமில்லாப் பொதுக்கல்வி வேண்டுமென வாதாடினார். எழுத்தறிவித்தலைக் குற்றமாக்கிய மாநிலம், முப்பத்து நான்கு ஆண்டுகளில் கல்வியைக் கடமையாக ஏற்றது.

பிறந்த வீடு

போரின்போது வரி செலுத்தப்படாமையால் ஏலத்திற்கு வந்த, தம் முன்னாள் எசமானரின் மாளிகையை ஸ்மால்ஸ் வாங்கினார். எந்த முற்றத்தில் அன்னையார் அடிமையாய் உழைத்தாரோ, அவ்வீட்டிலேயே அவரை உரிமையோடு வாழவைத்தார். பழைய உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1878ஆம் ஆண்டில் ஸ்மால்ஸின் உரிமை உறுதிசெய்யப்பட்டது. முதுமையால் நினைவு தளர்ந்து அவ்வீட்டிற்கு வந்த எசமானரின் மனைவிக்கு அவர் இடமளித்துப் பேணினார் என்னும் செய்தியும் அவர் குடும்பத்தாரிடையே வழங்கி வருகின்றது.

சோதனையும் உறுதியும்

மாநில மன்றங்களில் பணியாற்றியபின், 1875ஆம் ஆண்டு முதல் இடையிடையே ஐந்து முறை அமெரிக்கக் காங்கிரஸ் மன்றத்தில் ஸ்மால்ஸ் இடம்பெற்றார். கறுப்பினத்தவரின் அரசியல் உரிமையைப் பறிக்கும் முயற்சி அந்நாளில் தலையெடுத்தது. 1877ஆம் ஆண்டில் கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டனையும் அவருக்கு விதிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்று அவர் இறுதிவரை வலியுறுத்தினார். 1879ஆம் ஆண்டில் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

1895ஆம் ஆண்டு மாநாடு அவர் வாழ்வின் கடுஞ்சோதனை. எழுதப் படிக்கத் தெரிந்தோர்க்கும் 300 டாலர் மதிப்புள்ள உடைமை உடையோர்க்குமே வாக்குரிமை என்னும் வகையில் புதிய விதிகள் வரையப்பட்டன. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட மக்களை, அவ்வெழுத்தையே வேலியாக்கி வெளியே நிறுத்துவது எத்துணைக் கொடுமை! அம்மாநாட்டில் கறுப்பினப் பேராளர் அறுவரே இருந்தனர். தோல்வி உறுதி என்றறிந்தும் ஸ்மால்ஸ் எதிர்த்துப் பேசினார்; புதிய அமைப்பில் கையொப்பமிட மறுத்தார்.

பியூபோர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாக, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1913ஆம் ஆண்டு வரை கடமையாற்றிய அவர், 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தம் வீட்டில் மறைந்தார். 2023ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, தென்மாநிலப் படையின் வெற்றியொன்றைக் குறிக்கும் பெயர் தாங்கிய போர்க்கப்பலுக்கு அப்பெயரை நீக்கி, இராபர்ட் ஸ்மால்ஸின் பெயரைச் சூட்டியது.

ஸ்மால்ஸ் தம் வாழ்நாளிலேயே தோல்வியையும் கண்டார். வென்றெடுத்த உரிமைகள் பறிபோவதையும் கண்டார். எனினும், கற்ற எழுத்தை எந்தச் சட்டத்தாலும் திரும்பப் பறிக்க இயலவில்லை. துணிவு மனைவி மக்களை ஓர் இரவில் கரைசேர்த்தது. ஒரு சமுதாயத்தைக் கரைசேர்க்கப் பள்ளியும் பொறுமையும் பல்லாண்டு உழைப்பும் வேண்டியிருந்தன. மாணவர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய உண்மை இதுவே.