பிரதிக்கு வெளியே ஒரு பாட்டு: நாடகச் சட்டமும் விசுவநாததாசும்

1931 மே மாதம் இத்தாலியின் பொலோன்யா நகரில், கச்சேரிக்கு முன் பாசிசக் கட்சியின் கீதத்தை வாசிக்க மறுத்தார் அர்துரோ தொஸ்கானினி. அரங்க வாசலிலேயே அவரை அடித்தார்கள், பாஸ்போர்ட்டையும் பறித்தார்கள். மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். ஓபராவில் ஸ்வரம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும்; இசை நடத்துநர் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஆகவே வாசிக்க மறுப்பதுதான் அவருக்குக் கிடைத்த எதிர்ப்பு வழி.

தமிழ் மேடையின் இலக்கணம் வேறு. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் இன்றும் கூத்தை நடத்துபவர் வாத்தியார். பின்பாட்டுக்காரர்களோடு நின்று, இரவின் போக்குக்கேற்பப் பாட்டைக் கூட்டியும் குறைத்தும் அவர் ஆட்டத்தைக் கொண்டுசெல்கிறார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகங்களுக்கு எழுத்துப் பிரதி தந்த பிறகும் இந்தச் சுதந்திரம் போகவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவு கூடுவார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம்; பாட்டு அவரவர் திறமை.

ஆங்கிலேய அரசின் 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. வங்காளத்தில் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி எழுந்த கேலி நாடகத்தை அடக்கப் பிறந்த சட்டம் அது. அரசு மீது வெறுப்பைத் தூண்டும் நாடகத்தைத் தடை செய்யலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. ஆனால் ‘வள்ளி திருமணம்’ போன்ற புராண நாடகத்தை எந்தக் காரணம் சொல்லித் தடுப்பது?

சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் எஸ்.எஸ்.விசுவநாததாஸ் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். முருகனாக வந்து நின்று தேசியப் பாடல்களைப் பாடினார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரனாயிற்று. கொட்டகையில் இருந்த கடைசி ஆள்வரை அது புரிந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் ஜாலியன் வாலாபாக் படுகொலையைப் பற்றிக் கட்டிய பாட்டுகள் இப்படிப் புராண நாடகங்களுக்குள் புகுந்து ஊர் ஊராகப் போயின. பிரதியில் குற்றம் இல்லாததால் போலீஸ் பாடகரைத் தேடி வந்தது. வேடம் கலைக்கும் முன்பே கைது, சிறை, விடுதலையானதும் அடுத்த ஊரில் அதே பாட்டு என்று அவர் வாழ்க்கை ஓடியது.

அரசு மட்டுமா அவரை ஒடுக்கியது? மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். விடுதலைப் போராட்ட வரலாறு இதைத் தயங்கித் தயங்கியே சொல்கிறது. சிறைவாசத்தோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய செய்தி இது.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகும் நாடகத்தின் மீதான கண்காணிப்பு நீங்கவில்லை. நடிகர் எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் எழுப்பிய கொந்தளிப்புக்கிடையே சென்னை மாநிலம் 1954இல் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது.