திருமணக் கேக்கும் ஒரு மனுவும்

2012-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இரு ஆண்கள் தங்கள் திருமண விருந்துக்குக் கேக் கேட்க, மத நம்பிக்கையைச் சொல்லிக் கடைக்காரர் மறுத்தார். மாநில சிவில் உரிமைப் பிரிவில் மனுக் கொடுத்தார்கள். முகாந்திரம் உண்டென்று விசாரணையில் தெரிந்ததும் நிர்வாக நீதிபதி, பிறகு ஆணையம்.

2014-இல் ஆணையம் அபராதம் போடவில்லை. இனி மறுக்காதே, ஊழியருக்குப் பயிற்சி கொடு, இரண்டாண்டு காலாண்டு அறிக்கை அனுப்பு, அவ்வளவுதான். (காலாண்டு அறிக்கை படுத்தும் பாடு நமக்குத் தெரியாதா!) மேல்முறையீட்டிலும் உத்தரவு நின்றது.

2018-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று ரத்து செய்தது. மறுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்குள் போகவில்லை. ஆணையர் ஒருவர் மதத்தைப் பழித்துப் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் இருந்தது. அது முக்கியக் காரணமாயிற்று. மனு விசாரித்தே பணி ஓய்வு பெற்றவன் நான். ஆறு வருடம் அலைந்த அந்த இருவரை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.