குறை கூறலும் குறை களைதலும்

சங்கத்தின் குறைகளைத் திண்ணையிலமர்ந்து பேசுதல் நமக்கு எளிது; களைதலே அரிது. 1660-ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றிய ராயல் சொஸைட்டி என்னும் விஞ்ஞான சங்கத்தின் சரித்திரத்தை ஈண்டு நோக்குவோமாக. 1830-ஆம் ஆண்டளவில் விஞ்ஞானத் தொண்டு யாதுமில்லாத செல்வர் பலர் அதில் அங்கத்தினராயிருந்தனர். அவ்வாண்டில் சார்லஸ் பாபேஜ் அதனைக் கடிந்து நூலெழுதினார். நூலொன்றினால் தேர்தலுக்கு வரம்பு ஏற்பட்டுவிடவில்லை. வில்லியம் குரோவும் பத்திரிகையிற் குறைகூறியவரே. ஆயினும் அவர் அதனோடமையாது, நிர்வாக சபையிற் புகுந்து, விதிகளைத் திருத்தும் கமிட்டியில் உழைத்தார். ஆண்டுக்குப் பதினைவரையே தேர்ந்தெடுத்தல் வேண்டுமென்னும் விதி 1847-ல் நிறைவேறியது.  1918-ல் அவ்வாறு தேர்ந்த பதினைவருள் நம் கும்பகோணத்துக் கணித மேதை இராமாநுஜனும் ஒருவர். அன்பர்காள்! நம் சங்கத்திற் குறை காண்போர் அடுத்த கூட்டத்திற்கு வந்து ஒரு பொறுப்பை ஏற்பாராக.