நில மதிப்பீட்டில் தர்க்கம்: சான்றிலிருந்து தொகை வரை

1. ஆய்வுப் பொருள்

நிலத்தின் சந்தை மதிப்பு டேப் பிடித்து அளந்து சொல்லக்கூடியதல்ல. விற்க விரும்புகிறவரும் வாங்க விரும்புகிறவரும் நெருக்கடி ஏதுமின்றிப் பேசினால் எந்த விலையில் படியும் என்ற அனுமானம்தான் அது. அனுமானம் என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சான்றிலிருந்து எந்தப் படிகள் வழியாக அந்தத் தொகைக்கு வந்தோம் என்பதை வேறொருவர் தொடர்ந்து வந்து சரிபார்க்க முடியவேண்டும். அரசு நிலம் கையகப்படுத்தும்போது எழும் இழப்பீட்டு வழக்குகளை வைத்து இக்கட்டுரை இதை ஆராய்கிறது. நிலத்தைக் கொடுக்க மறுக்கும் உரிமை அங்கே உரிமையாளருக்கு இல்லை. எனவே மதிப்பீட்டின் தர்க்கம் ஒன்றே அவருக்கு மிஞ்சும் பாதுகாப்பு.

2. எது சான்று?

2.1 வழிகாட்டி மதிப்பு

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை எடுத்து, அதையே சந்தை மதிப்பு என்று எழுதிவிடுவது பரவலான வழக்கம். முத்திரைத் தீர்வை வசூலுக்காக வைத்திருக்கும் அடிப்படை மதிப்புப் பதிவேடு சந்தை மதிப்புக்குச் சான்றாகாது என்று ஜவாஜி நாகநாதம் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதன் காரணத்தைத் தமிழ்நாட்டு அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அந்த வாரம் யாரும் தம் மனையை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்து விற்கவில்லை. அரசாணையால் ஒரே நாளில் இறங்கக்கூடிய எண் சந்தையின் போக்கை எப்படிக் காட்டும்?

2.2 கிரயப் பத்திரம்

அப்படியானால் பதிவான கிரயப் பத்திரங்களை நம்பலாமா? அங்கும் ஒரு சுழல் இருக்கிறது. வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் ஆவணம் தனித் துணை ஆட்சியரிடம் போகும். மேலே எழுதினால் கூடுதல் தீர்வை. ஆகவே கைமாறிய தொகை எதுவானாலும் பலர் வழிகாட்டி மதிப்பையே பத்திரத்தில் எழுதுகிறார்கள். பிறகு அந்தப் பத்திரங்களைத் திரட்டி வழிகாட்டி மதிப்பு சரிதான் என்று ஒருவர் நிறுவினால், நிறுவவேண்டியதையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார் என்று பொருள்.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இந்த நோயை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களில் விலை உயர்ந்த பாதியை மட்டும் எடுத்துச் சராசரி காணச் சொல்கிறது 26-ஆம் பிரிவு. அந்தச் சராசரி, முத்திரைச் சட்ட மதிப்பு, ஒப்புக்கொண்ட தொகை ஆகியவற்றில் எது அதிகமோ அதையே கொள்ளவேண்டும். வழிகாட்டி மதிப்பு இங்கே, அதற்குக் கீழே இறங்கக்கூடாத அடிவரம்பாக மட்டும் நிற்கிறது. இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து.

3. ஒப்பீடு

சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கின் தீர்ப்பு (1988) ஒப்பீட்டுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. ஒப்பிடும் விற்பனை காலத்தாலும் இடத்தாலும் அருகில் இருக்கவேண்டும். பிறகு கூட்டவேண்டியவை, கழிக்கவேண்டியவை என்று இரு பக்கம். சிறிய அளவு, சாலை முகப்பு, சீரான வடிவம் ஆகியவை மனையின் விலையை ஏற்றும். பெரிய பரப்பு, உட்புறம், மண் கொட்டி நிரப்பவேண்டிய தாழ்வு ஆகியவை இறக்கும். கால இடைவெளிக்கும் ஈடு உண்டு. ஆண்டுக்கு நகர்ப்புறத்தில் 10 முதல் 15 விழுக்காடு, கிராமப்புறத்தில் 5 முதல் 7.5 விழுக்காடு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பொது அளவைக் காட்டியது; இடைவெளி நான்கைந்து ஆண்டைத் தாண்டினால் அந்த முறை பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னது. எச்சரிக்கையை விட்டுவிட்டு விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் அறிக்கைகள் உண்டு.

4. கழிவு: தர்க்கம் அறுபடும் இடம்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். சாலையோரத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை, 24 லட்சத்துக்கு விற்றது. சதுர அடி 1,000 ரூபாய். கையகப்படுத்துவது உள்ளே தள்ளி இருக்கும் ஐந்து ஏக்கர் புஞ்சை, 2,17,800 சதுர அடி. அப்படியே பெருக்கினால் 21.78 கோடி. இது தவறு, புஞ்சையை மனையாக்க வேண்டுமென்றால் சாலை, வடிகால், பூங்காவுக்கு இடம் விடவேண்டும், செலவும் செய்யவேண்டும். இதற்கு 40 விழுக்காடும், உட்புறம் என்பதற்கு 20 விழுக்காடும் கழிப்பதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் கூட்டி 60 கழித்தால் சதுர அடிக்கு 400 ரூபாய். முதலில் 40 கழித்து, மிஞ்சிய 600-இல் 20 விழுக்காடு கழித்தால் 480 ரூபாய். சான்று ஒன்று, விழுக்காடுகளும் அவையே. வித்தியாசமோ 1 கோடியே 74 லட்சத்துக்கு மேல்! எந்த முறை, ஏன் என்று ஒரு வரி எழுதாத அறிக்கையில் இந்தத் தொகை யார் கண்ணிலும் படாமல் மறைந்துபோகும்.

இன்னொரு பிழை இரட்டைக் கழிவு. வளர்ச்சிச் செலவுக்குக் கழித்தபின் ‘பெரிய பரப்பு’ என்று தனியாக இன்னொரு 20 கழிக்கிறார்கள். சிறு மனை விலை கூடி விற்பதற்குப் பெரும்பாலும் காரணமே அது மனையாகப் பிரிக்கப்பட்டுப் பாதையோடு இருப்பதுதான். ஒரே காரணத்துக்கு உரிமையாளர் இருமுறை இழக்கிறார். மாறாக, வாங்கும் சக்தியுள்ளோர் குறைவு என்பதால் பெரிய பரப்பு மலிகிறது என்றால் அது வேறு காரணம். அதை அப்படியே எழுதி, அந்தப் பகுதியின் பெரிய பரப்பு விற்பனை ஒன்றையாவது காட்டவேண்டும்.

5. வாய்ப்பின் மதிப்பு

பழைய சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்காக எடுக்கப்பட்ட தோட்டமொன்றில் நல்ல நீரூற்று இருந்தது. அந்த நீரை விலைகொடுத்து வாங்கக்கூடியவர் துறைமுக நிர்வாகம் ஒருவர்தான். அவரே நிலத்தை எடுப்பவரும். அதற்காக நீரின் மதிப்பு இல்லாமல் போய்விடாது என்று 1939-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதேசமயம், வாய்ப்பை வாய்ப்பாகவே மதிப்பிடவேண்டும், நிறைவேறிவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்றும் வரம்பிட்டது. நெடுஞ்சாலை வரப்போகிறது என்று சொல்லி விலையேற்றும் மதிப்பீட்டாளரும், இன்று புஞ்சைதானே என்று தட்டிவிடும் அதிகாரியும் இந்த இரு வரிகளையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

6. நிரூபிக்கும் சுமை

ஆட்சியரின் இழப்பீட்டு ஆணை ஒரு விலைமுன்மொழிவு மட்டுமே என்பதும், அதில் பயன்படுத்திய பத்திரங்கள் நீதிமன்றத்தில் முறைப்படி நிரூபிக்கப்பட்டால்தான் சான்றாகும் என்பதும் சிமன்லால் வழக்கில் சொல்லப்பட்டவை. ஆனால் தந்த தொகை போதாது என்று காட்டும் சுமை நிலத்தை இழந்தவர் மேல்தான் விழுகிறது. ஆணையின்போது ஆஜராகியிருந்தால் ஆறு வாரத்துக்குள் அவர் முறையீட்டு மனு கொடுத்தாகவேண்டும். எந்தச் சர்வே எண், எந்தப் பத்திர எண், எத்தனை விழுக்காடு எதற்காகக் கழிக்கப்பட்டது என்ற விவரம் ஆணையிலேயே இல்லையென்றால், அந்த ஆறு வாரமும் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும் பத்திர நகலுக்கும் அலைவதிலேயே கழிந்துவிடும்.