தட்டை ஸ்கேனரில் பழைய படங்களை எண்ணிமமாக்கல்

பழைய புகைப்படம், நெகட்டிவ், கண்ணாடித் தட்டு ஆகியவற்றைத் தட்டை ஸ்கேனரில் வைத்துக் கணினிக் கோப்பாக்கும் வேலை. கணினிக்குள் நுழைந்த முதல் புகைப்படமே ஒரு வீட்டுப் படம்தான். 1957இல் அமெரிக்கப் பொறியாளர் ரசல் கிர்ஷ், தம் மூன்று மாத மகனின் படத்தை உருளை ஸ்கேனரில் ஏற்றினார். அகலத்தில் 176 புள்ளி, உயரத்தில் 176 புள்ளி, அவ்வளவுதான்.

தமிழ்ப் புகைப்படங்களைப் பொறுத்தவரை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மானிடவியலாளர் சோயி ஹெட்லி முன்னின்று நடத்திய முயற்சி முக்கியமானது. பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி எண்ணிமமாக்கிய அப்பணிக்கு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம் நிதி கொடுத்தது. ஸ்டுடியோ மூடப்பட்டால் நெகட்டிவ்கள் வெள்ளி எடுப்பவர்களிடம் எடைக்குப் போவது வழக்கம். பிறகு மிஞ்சுவது வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒற்றைப் பிரதிதான். வீட்டு ஸ்கேனருக்கு இவ்வளவு பொறுப்பு வந்து சேர்ந்தது இதனால்தான்.

பலர் தவறவிடுவது படத்தின் பின்பக்கத்தை. தருமபுரி–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலுள்ள காரிமங்கலம் போன்ற ஊரில், படம் எந்தக் காலத்தது என்பதைப் பின்பக்கமே சொல்லிவிடும். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். இந்த வட்டாரத்து ஸ்டுடியோ முத்திரையில் ‘சேலம் ஜில்லா’ என்றிருந்தால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. உறுதியாகச் சொல்ல முடியாது. ரப்பர் ஸ்டாம்பு தேயும்வரை எந்தக் கடைக்காரர்தான் புதிது செய்தார்? முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. அட்டையில் ஒட்டிய படமானால், ஓரத்தில் பொறித்திருக்கும் ஸ்டுடியோ பெயரோடு முழு அட்டையையும் எடுக்க வேண்டும். முகத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வது பாதிப் படத்தைத் தொலைப்பதுதான்.

ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் இருப்பது பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை ஸ்கேனர். கண்ணாடியோடு படிந்த தாளை அது நன்றாகவே எடுக்கும். வளைந்த பழைய அட்டை சிறிது எழும்பினாலும் அந்த இடம் மங்கிவிடும். லென்ஸ் வைத்த சி.சி.டி. வகை அந்த மேடுபள்ளத்தைத் தாங்கும். நெகட்டிவுக்கோ, மூடியில் தனி விளக்குள்ள ஸ்கேனரே வேண்டும். எப்சன் வி600 போன்றவற்றில் அந்த விளக்கு குறுகிய பட்டைதான். 120 பிலிம்வரை எடுக்கலாம், ஸ்டுடியோக் கண்ணாடித் தட்டு அடங்காது.

தாள் படத்துக்கு 600 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். 3க்கு 4 அங்குலப் படம் 1800க்கு 2400 புள்ளிகளாகும். சுருக்காத டிஃப் கோப்பாக, சாதாரண வண்ண ஆழத்தில், சுமார் 13 எம்.பி. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் பழுப்பேறிய சாயலும் கன்னத்தில் கையால் தீட்டிய ரோஸ் நிறமும் போய்விடும். 35 மி.மீ. நெகட்டிவ் 2400 டி.பி.ஐ.யில் சுமார் 77 லட்சம் புள்ளிகள் தரும். அக்பா கிளிக் 3 போன்ற எளிய கேமராவில் எடுத்த 120 பிலிம் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். ஸ்கேனர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6400 டி.பி.ஐ.யை நம்பி எடுத்தால் கோப்புதான் பெருக்கும், புதிதாக ஒன்றும் தெரியாது.

அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி கலர் நெகட்டிவுக்கு அருமையானது. உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ போன்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு அதை அணைத்துவிட வேண்டும். அந்த பிலிமில் உருவமே வெள்ளித் துகள். அது அகச்சிவப்பை மறைப்பதால் கருவி முகத்தையே தூசி என்று நினைத்துவிடும். பழைய ஸ்டுடியோ நெகட்டிவின் மழுங்கல் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய பென்சில் கோடுகள் மின்னும். சுருக்கத்தை மறைக்க டச்சிங் செய்தவரின் கைவேலை அது. அழுக்கென்று துடைத்தால் போயிற்று.

பூசையறைப் படங்கள் தனி ரகம். ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சி.சி.டி. ஸ்கேனரில் கவிழ்க்கலாம். வெளிப்புறத்திலுள்ள சந்தனக் குங்குமப் பொட்டோடு ஒருமுறை, துடைத்தபின் ஒருமுறை எடுப்பது சரி. அந்தப் பொட்டும் படத்தின் கதையில் சேர்ந்ததுதானே. 1980களின் கல்யாண ஆல்பங்களில் காணும் சொரசொரப்பான சில்க் தாள் வேறு தொல்லை. மேடுகளில் விளக்கு பட்டு வலைபோல வெள்ளைப் புள்ளி விழும். நேராக ஒருமுறை, தலைகீழாகத் திருப்பி ஒருமுறை எடுத்துக் கணினியில் ஒன்றாக்கினால் குறையும்.

முதலில் எடுத்த கோப்பில் கை வைக்காமல் நகலில்தான் கீறல் நீக்கும் வேலை செய்ய வேண்டும். பெயர்களைப் பள்ளிக் குரூப் போட்டோ முறையில், உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம் என்று, கோப்போடு தனியாக எழுதி வைக்கலாம். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனா கூடாது, அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புவதே முறை. படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், கோப்பின் பெயரும் மாறிவிடும்.