சூட்டிறைச்சியும் சாதிச் செருக்கும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்குப் புகையின் மணம் புதியதன்று. ரப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகைவீட்டில் உலர்த்தியவர் நம் முன்னோர். அண்டைக் கம்பங்களில் வாழும் மலாய் மக்கள் இறைச்சியையும் விறகுத் தீயின்மேல் பரப்பிப் புகையூட்டுகின்றனர். ‘சாலாய்’ என்பது அதன் பெயர். புகையேறிய மாட்டிறைச்சியையோ வாத்தையோ தேங்காய்ப்பால், மஞ்சள், ஊசி மிளகாய் சேர்த்துச் சமைப்பது, சுமத்திராவினின்று வந்து குடியேறிய மினாங்கபாவ் மரபினரின் சிறப்புணவாகும்.

இறைச்சியின் புகை எழுந்தால் முகஞ்சுளிப்போர் நம்முள் சிலர் உளர். ஊன் உண்பது தாழ்ந்தோர் வழக்கம் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பழந்தமிழர்க்கு உண்டோ? ஏடுகளைக் கேட்போம்.

1889இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய பத்துப்பாட்டுள் பொருநராற்றுப்படையும் ஒன்று. முடத்தாமக்கண்ணியார் பாடிய அந்நூலில், கரிகாற்சோழன் தன்னை நாடிவந்த பொருநர்க்குக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியை ஊட்டுகின்றான். சூடு பொறாமல் வாயில் இப்புறமும் அப்புறமும் மாற்றி மாற்றி உண்கின்றனர் அவர்கள். இரவும் பகலும் ஊன் தின்றமையால், கொல்லையை உழுத கொழுவைப்போல் பற்கள் தேய்ந்தனவாம்! நம் தெருக்களில் சாத்தே உண்போர் இதனைப் படித்து நகைக்கலாம், நாணவேண்டுவதில்லை.

1894இல் அவரே வெளியிட்ட புறநானூறு இன்னும் வியப்புடையது. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலர் கையைப் பற்றி, “மெல்லியவாக உள்ளனவே” என்கின்றான். பூமணமுடைய புகையூட்டிய இறைச்சியைச் சோற்றோடு உண்பதையன்றி வேறு கடுந்தொழில் அறியாக் கைகள் இவை என்று விடை பகர்கின்றார் புலவர். அக்கபிலரோ, அதே நூலின் வேறு பாடலில் தம்மை அந்தணன் என்று கூறிக்கொண்டவர்! அந்தணர் உண்டார், அரசர் ஊட்டினார், பொருநரும் உண்டனர். இழிவு எங்கே இருந்தது?

வள்ளுவர் புலால் மறுத்தலைப் பத்துக் குறளில் வற்புறுத்தவில்லையா என்று வினவலாம். வற்புறுத்தினார்; உயிர்கள்மாட்டு அருள் வேண்டும் என்பதே அவர் காட்டிய காரணம். அருள் கருதி ஊன் துறப்போர் வணங்கத்தக்கவர். ஆனால், ஊன் உண்பவன் பிறப்பால் இழிந்தவன் என்று அவர் ஓரிடத்தும் கூறிலர். அருளறத்தைச் சாதிக்குக் கேடயமாக்கியது பின்வந்தோர் சூழ்ச்சி.

அச்சூழ்ச்சி கடலையும் கடந்தது. முன்னாளில் இந்நாட்டுத் தோட்டங்களிலும் சாதி பார்த்து லயம் பிரித்தனர். இன்னார் வீட்டில் கைநனையேன் என்றனர். ஒரே மரத்துப் பாலை வெட்டிய கைகளுக்குள் உயர்வு தாழ்வு கண்டனர்.

உண்பதும் உண்ணாமையும் அவரவர் விருப்பம். அடுத்தவன் அடுப்பைக் கண்டு அவன் குலத்தை அளக்கும் வழக்கத்தையே நாம் தீயிலிடல் வேண்டும்.