ஏக்கரிலிருந்து சதுர அடிக்கு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கோயம்பேட்டையும் மதுரவாயலையும் தாண்டினால் வேலப்பன்சாவடி வரும். பூந்தமல்லிக்கு அருகிலேயே குமணன்சாவடி, கரையான்சாவடி என்று இன்னும் இரண்டு சாவடிகள் உண்டு. சாவடி என்பது வழிப்போக்கர்கள் இரவு தங்கும் இடம். வண்டி மாடுகளை அவிழ்த்துக் கட்டி, சோறு பொங்கி உண்டு, விடியலில் மீண்டும் புறப்படுவார்கள். அப்படி ஓர் இரவு மட்டும் தங்கிய இடத்தில் இன்று இருபது ஆண்டுக் கடன் வாங்கிக் குடியேறுகிறார்கள். இந்த மாற்றத்தின் வரலாற்றை நில அளவையின் அலகுகளைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலகு என்றாலே இயற்பியல் ஆசிரியனுக்குக் கை துறுதுறுக்கும்; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செங்கற்பட்டு வட்டாரத்தின் பழைய அலகு காணி. 24 மனை சேர்ந்தது ஒரு காணி. ஒரு மனை 60 அடிக்கு 40 அடி, அதாவது 2,400 சதுர அடி. ஆகவே காணி என்பது 57,600 சதுர அடி. ஏக்கர் கணக்கில் சுமார் 1.32. ஆங்கிலேயர் இந்த மனையைத்தான் கிரவுண்டு என்று எழுதினார்கள். சென்னையில் இன்றும் வழங்கும் கிரவுண்டுக்குத் தாய் செங்கற்பட்டின் மனைதான். நிலம் வயலாக இருந்தவரை காணியிலும் ஏக்கரிலும் விலை பேசினார்கள். நகரம் நெருங்கியதும் சென்ட் வந்தது, பிறகு கிரவுண்டு, கடைசியில் சதுர அடி. ஓர் ஊரில் நிலத்தை எந்த அலகில் விலை சொல்கிறார்கள் என்று கேட்டால் போதும், நகரம் அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

ஏக்கரில் பேசிய காலத்தில் அந்த ஏக்கர் யாரிடம் இருந்தது? செங்கற்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை வேரூன்றியிருந்தது. கிராமத்து நிலமும் நீரும் மேய்ச்சலும் மிராசுதார்களின் பங்கு. வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்குக் குடிசை நிற்கும் இடம்கூடச் சொந்தமில்லை. 1891-ல் மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் இந்நிலையை விரிவாக ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். சேரி நத்தமும் மிராசுதாரின் உரிமையில் இருப்பதால், கூலியைப் பற்றி வாய் திறந்தால் குடியிருப்பே போய்விடும் என்பது அவர் சுட்டிய உண்மைகளுள் ஒன்று. அதன் விளைவாக 1892-ல் பிறந்த ஆணையினால் ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், பல இடங்களில் அவை பிறர் கைக்குப் போய்விட்டன. நிலம் மனையாகும்போது யார் பணம் பெறுவார், யார் வயல் வேலையை மட்டும் இழப்பார் என்பதன் பெரும்பகுதி அப்போதே தீர்மானமாகியிருந்தது. மனை விலை பற்றிப் பேசுவோர் இந்த முதல் அத்தியாயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இனி வேகத்துக்கு வருவோம். 1826-ல் ஜெர்மானியப் பண்ணையார் வான் தூனன் ஓர் எளிய கணக்குப் போட்டார். சந்தைக்குப் பொருளைக் கொண்டுசெல்லும் செலவு தூரத்தோடு கூடுகிறது. எனவே சந்தைக்கு அருகிலுள்ள நிலத்துக்கு, அந்தச் செலவு மிச்சமாகும் அளவுக்கு, அதிக வாடகை கிடைக்கும். மண் ஒரே தரமாக இருந்தாலும் இது நடக்கும். காய்கறிக்குப் பதில் மனிதர்களையும், சந்தைக்குப் பதில் வேலையிடத்தையும் வைத்தால் அதே கணக்கு நகரத்துக்கும் பொருந்துகிறது. 1951-ல் காலின் கிளார்க் பல நகரங்களின் மக்கள் நெருக்கத்தை வரைபடமாக்கினார். மையத்திலிருந்து வெளியே செல்லச் செல்ல, கதிரியக்கப் பொருள் சிதைவது போலவே, நெருக்கம் அடுக்குக்குறி விதிப்படி குறைவதைக் கண்டார். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது என்று ஒவ்வொரு நகரத்துக்கும் ஓர் அரைத் தூரம் சொல்லலாம்.

1856-ல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில், அம்பத்தூர், ஆவடி வழியாகப் போயிற்று. பூந்தமல்லிச் சாலையைத் தொடவில்லை. 1931-ல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் தெற்கே புறநகர்கள் முளைத்தன. சாவடிகளோ நெடுங்காலம் மாட்டு வண்டிக்கும், பிறகு பேருந்துக்கும் காத்திருந்தன.

இங்கே மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் அரை மணியில் 2 கிலோமீட்டர் போவார். அவர் எட்டக்கூடிய வட்டத்தின் பரப்பு சுமார் 12.6 சதுர கிலோமீட்டர். மணிக்கு 24 கிலோமீட்டர் செல்லும் இருசக்கர வண்டிக்காரர் அரை மணியில் 12 கிலோமீட்டர் போவார். அவருடைய வட்டம் சுமார் 452 சதுர கிலோமீட்டர். வேகம் ஆறு மடங்கு, எட்டும் நிலம் 36 மடங்கு. வேகம் கூடினால் எட்டும் நிலம் அதன் வர்க்கமாகப் பெருகும். அப்படியானால் நிலம் மலிய வேண்டுமல்லவா?

மலியவில்லை. சென்னை நகரின் மக்கள்தொகை 1941-ல் சுமார் 7.8 லட்சம்; 1971-ல் சுமார் 24.7 லட்சம். 1961-ல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. கடைசல் இயந்திரத்திலும் வார்ப்படச் சாலையிலும் வேலை தேடி வந்தவர்கள் ஒற்றை அறை லைன் வீடுகளில் நெருங்கினார்கள். ஆள் பெருக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட அழுத்தமானது என்பது என் கருத்து. நிலம் நம்மிடையே தங்கத்தைப் போலச் சேமிப்புப் பொருளாகிவிட்டது. குடியிருக்க ஒரு மனை தேவைப்படுபவரும், மகள் திருமணத்துக்காக ஒன்றும் கறுப்புப் பணத்தை ஒளிக்க ஒன்றும் வாங்குபவரும் ஒரே ஏலத்தில் நிற்கிறார்கள். இந்தப் போக்குக்குக் கடனும் காற்று ஊதுகிறது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 65 லட்சத்தை நெருங்கும். தவணைக் காலம் நீளும்போது எல்லோரும் கூடுதலாகக் கடன் வாங்க முடிகிறது. விற்பவரும் அதற்கேற்ப விலையை ஏற்றிவிடுகிறார்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாயிற்று. 1961-ல் வீட்டுவசதி வாரியம் அமைந்தது. 1968-ல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த வெளியைச் சுற்றி அண்ணா நகர் எழுந்தது. வாரியம் மேற்கே நகர்ந்தபோது மலிவாகக் கிடைத்தவற்றுள் ஏரிகளும் இருந்தன. முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வயல்கள் மனைகளானதும் ஆயக்கட்டு மறைந்தது. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு மதகைத் திறக்க ஆள் இல்லை, கரையைக் காக்க ஆள் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது பலர் வியந்தார்கள். நிலப்படத்தைப் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

குடிசைவாசிகளுக்கென்று 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது (2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிற்று). தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதே அதன் முறை. 1977-ல் உலக வங்கிக் கடனில் வேறொரு வழியும் சோதிக்கப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில், சாலையும் குடிநீரும் கழிவறையும் அமைந்த சிறு மனைகளை மட்டும் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்று வந்த பணம் சிறிய மனைகளின் விலையைக் குறைக்க உதவியது. அரைகுறைச் சுவர்களைப் பார்த்த பலர், திட்டம் தோற்றது என்றே எழுதினார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று பார்த்தது. பல வருமானப் பிரிவினர் கலந்து வாழும், நன்கு வாழத்தக்க பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன. அதற்குள் அம்முறையைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கைவிட்ட இடத்தை நிரப்பியவர் மனைத் தரகர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி; 18 கிரவுண்டுக்குச் சற்று மேல். முறையான அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளுக்கு 30 சதவீதமும், மீதியில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம்; விற்கக் கிடைப்பது ஏறத்தாழ 11 கிரவுண்டு. பூங்காவை விட்டுவிட்டு, சாலையை ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்குக் குறுக்கி, 15 சதவீதத்தோடு நிறுத்தினால் 15 கிரவுண்டு கிடைக்கும். இந்த நான்கு கிரவுண்டில் தரகரின் இலாபமும் இருக்கிறது, வாங்குபவருக்குக் கிடைக்கும் மலிவும் இருக்கிறது. சென்னைப் பெருநகரின் பல கிராமங்களில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்கப்பட்ட மனைகளின் பொருளாதாரம் இவ்வளவுதான். ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்கு மனைப்பிரிவை அனுமதிக்கும் அதிகாரம் இல்லை என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் வேறு மனை கட்டுப்படியாகாது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலமும் நீர்நிலையும் அழிவதைத் தடுப்பதே நோக்கம். அது தேவையான நோக்கந்தான்; ஆனால் அடி விழுந்தது சங்கிலியின் கடைக் கண்ணியில். மகன் படிப்புக்காக ஒரு மனையை விற்க நினைத்தவர் பத்திர அலுவலகத்தில் நின்றுவிட்டார். ஏக்கரை மனையாக வெட்டி விற்றவரோ எப்போதோ பணத்தை எண்ணி முடித்திருந்தார். 2017-ல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தன. விட்டுப்போன பூங்காவைக் கட்டணத்தால் திரும்பக் கொண்டுவர இயலாது.

பணம் ஒன்றுதான் மக்களைப் பிரிக்கிறதா? வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சதுரங்கப் பலகையில் 22 ஒரு ரூபாய் நாணயங்களையும் 22 இரண்டு ரூபாய் நாணயங்களையும் கலந்து பரப்புங்கள். 20 கட்டங்கள் காலியாக இருக்கும். ஒவ்வொரு நாணயத்துக்கும், சுற்றியுள்ள அண்டை நாணயங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் போதும். இல்லையென்றால் அது வேறு காலிக் கட்டத்துக்குப் போகலாம். சில சுற்றுகளில் நாணயங்கள் இனம் இனமாகத் திரண்டுவிடும். எந்த நாணயமும் மற்றதை வெறுக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேற்றாரை ஏற்றுக்கொள்ளவே செய்தது. 1971-ல் தாமஸ் ஷெல்லிங் காட்டிய ஆட்டம் இது. காந்தப் பொருளில் அணுக்கள் அண்டை அணுக்களைப் பார்த்துத் திசை கொள்வதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நம் ஊர் நாணயங்கள் இவ்வளவு சாது அல்ல. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பதும், 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டுவதும் இன்றும் நடக்கின்றன. மெல்லிய விருப்பமே இவ்வளவு பிரிக்குமென்றால், கடுமையான விருப்பம் எவ்வளவு பிரிக்கும் என்பதை ஆட்டத்தின் விதியை மாற்றி நீங்களே பார்க்கலாம்.

மக்களில் பெரும்பாலோர் அரசு கட்டிய வீடுகளில் வாழும் சிங்கப்பூரில், 1989 முதல் ஒவ்வொரு அடுக்ககத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு உச்ச விகிதம் வகுத்திருக்கிறார்கள். அங்குள்ள தமிழர்களுக்கு இதன் இரு பக்கமும் தெரியும். தனிச்சேரி உருவாகவில்லை, ஆனால் ஒதுக்கீடு நிரம்பிய அடுக்ககத்தில் வீட்டை விற்க வேண்டிய சிறுபான்மையினருக்கு வாங்குவோர் குறைவு, விலையும் சற்றுக் குறைவு.

நாமோ எதிர்த் திசையில் போனோம். 2000-த்துக்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்பில் பெரும் குடியிருப்புகளைக் கட்டி, ஏழைகளை மட்டும் அங்கே குவித்தோம். கண்ணகி நகரின் தொடக்க காலக் கட்டடங்களில் ஒரு வீடு ஏறத்தாழ 200 சதுர அடிதான். கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதியினர் மேற்கே, திருமழிசையை அடுத்த கூடப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நடப்பவரின் 2 கிலோமீட்டர் வட்டத்தை இங்கே நினைவுகூருங்கள். சேத்துப்பட்டில் இருந்தபோது அந்த வட்டத்துக்குள் மருத்துவமனை, ரயில் நிலையம், வேலை தரும் நூற்றுக்கணக்கான வீடுகள் எல்லாம் இருந்தன. கூடப்பாக்கத்து வட்டத்தில் அவை இல்லை. பழைய வேலைக்குப் போக 20 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஊரும் பேருந்தில், நிறுத்தத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால், ஒரு வழிக்கே ஒன்றரை மணிக்கு மேல். காலையில் இரண்டு வீடு, மாலையில் ஒரு வீடு என்று பாத்திரம் தேய்த்தவர் நடுப்பகலில் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது. புதிய வீட்டின் பரப்பை மட்டும் கணக்கில் எழுதும் அலுவலகக் கோப்புகளில், சுருங்கிப்போன இந்த வட்டத்தின் பரப்புக்கு ஒரு பத்தி இருப்பதில்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டருக்கு வகுக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதை போரூர் வழியாகச் செல்கிறது. குமணன்சாவடிக்கும் கரையான்சாவடிக்கும் அதில் நிலையம் உண்டு. நெடுஞ்சாலையில் இருக்கும் வேலப்பன்சாவடிக்கு இல்லை. இந்த வட்டாரத்து மனை விளம்பரப் பலகைகளில் இப்போது சதுர அடிக்குப் பக்கத்தில் இன்னோர் அலகும் ஏறியிருக்கிறது: நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று.